பதில் வராத பற்றுச்சீட்டு: திருகோணமலைக் கரையிலிருந்து ஒரு வலைச்சேவை நிகழ்வு ஆய்வு

உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடைப்பட்ட கரையில் இயங்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, தன் நிறுவைக் கணக்கைக் கொழும்பிலுள்ள கொள்வனவு நிறுவனத்தின் மென்பொருளோடு, இரண்டு நிரல்கள் இணையத்தில் செய்தி பரிமாறும் முறையான வலைச்சேவை வழியாக இணைத்தது. இணைப்பு ஓடத் தொடங்கிய முதற் பருவத்திலேயே ஒரே மீன் இரண்டு முறை கணக்கில் ஏறியது. அதைத் திருத்துகிறோம் என்று செய்த காரியத்தில், அந்த மீனோடு எந்தத் தொடர்பும் இல்லாத படகுக்காரர்களின் பணம் குறைந்தது. இணைப்பைச் சீர்செய்யும் பணி பிறகு என்னிடம் வந்ததால் இரு பக்கத்துப் பதிவேடுகளையும் பார்க்க முடிந்தது. சங்கத்தையும் நிறுவனத்தையும் பெயர் சொல்லாமல் விடுகிறேன். நடந்தது எந்த ஊரிலும் எந்த இரண்டு மென்பொருளுக்கு இடையிலும் நடக்கக்கூடியது.

கரையும் கணக்கும்

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையைக் கொந்தளிக்கச் செய்யும் மாதங்களில் திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்களும் இங்கே வந்து வாடி போட்டுத் தங்குவார்கள். அந்தக் காலத்தில் சங்கத்தின் தராசுக்கு ஓய்வில்லை. விடியுமுன்பே படகுகள் கரை தொடும். சூரை, அறக்குளா, பாரை என்று இனம் பிரித்து நிறுத்துப் படகு உரிமையாளரிடம் பற்றுச்சீட்டைக் கொடுப்பார்கள். மீன் ஐஸில் அடுக்கப்பட்டு, தம்புள்ளை, குருநாகல் வழியாகச் செல்லும் ஏ6 வீதியில் கொழும்புக்குப் போகும். பணம் பிறகுதான் வரும். பற்றுச்சீட்டில் எழுதிய நிறையும் கொழும்பில் பதிவாகும் நிறையும் ஒன்றாக இல்லாவிட்டால், ஏதோ ஒரு வீட்டின் அந்த வாரத்து அடுப்பில் அது தெரியும்.

சங்கத்தின் நிரல் விஷுவல் பேசிக் 6 இல் எழுதப்பட்டது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 1998 இல் வெளியிட்ட மொழி அது. தரவுகள் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் ஒரு கோப்பில் இருக்கின்றன. பழையதுதான், ஆனால் பிழையில்லாமல் சீட்டு அச்சிடுகிறது. கிண்ணியாவைச் சேர்ந்த நிறுவைப் பொறுப்பாளர் விசைப்பலகையைப் பார்க்காமலே அதை இயக்குவார். கொழும்பில் இருப்பதோ லினக்ஸ் சேவையகத்தில் ஓடும், ஜாவாவில் எழுதப்பட்ட பெரிய வணிக மென்பொருள். இரண்டில் ஒன்றை மாற்றுவதற்குச் சங்கத்திடம் பணமில்லை, நிறுவனத்திடம் விருப்பமில்லை. இரண்டையும் இருந்தபடியே விட்டுவிட்டுப் பேச வைக்க வேண்டும். வலைச்சேவைகள் பிறந்ததே இந்தத் தேவையிலிருந்துதான்.

இதற்கு முன்பு, காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட கோப்பை மின்னஞ்சலில் அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். இராசையா, இப்ராகிம், இருதயநாதன் போன்ற பெயர்கள் வந்த வரிகளெல்லாம் குலைந்தன. நிறை இருக்கவேண்டிய பத்தியில் பெயரின் மீதி வந்து நின்றது. காரணம் பாமினி எழுத்துரு. நம் நாட்டில் பல்லாண்டுகளாகத் தமிழ் தட்டச்சுக்குப் பயன்பட்ட அந்த எழுத்துருவில், கணினி சேமிப்பது ஆங்கில விசைகளின் குறிகளை மட்டுமே. அவற்றின்மேல் தமிழ் உருவம் வரையப்பட்டிருக்கும். ‘இ’ என்ற எழுத்து அமர்ந்திருப்பது காற்புள்ளியின் இடத்தில். ஆகவே இகரத்தில் தொடங்கும் ஒவ்வொரு பெயரும் கோப்பைப் பொறுத்தவரை ஒரு பத்திப் பிரிப்பு. கொழும்பில் இருந்த எழுதுவினைஞர் ஒவ்வொரு நாளும் அந்த வரிகளைக் கையால் சரிசெய்தார். கையால் சரிசெய்த இடங்களில் நிறைகளும் சில வேளை மாறின.

உடன்படிக்கை

நிறுவனம் தன் மென்பொருளின் ஒரு வாசலைத் திறந்து கொடுத்தது. அது சோப் (SOAP) என்ற செய்தி நெறிமுறையில் பேசும் வலைச்சேவை. வெளியாருக்குப் புதிராகத் தோன்றினாலும் உள்ளே நடப்பது எளிது. சங்கத்தின் கணினி, ‘இந்த உரிமையாளர், இந்த இனம், இவ்வளவு நிறை, இந்த நேரம்’ என்ற செய்தியை எக்ஸ்எம்எல் என்னும் எழுத்து வடிவத்தில் எழுதி, இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் அதே எச்டிடிபி நெறிமுறையில் கொழும்புச் சேவையகத்துக்கு அனுப்புகிறது. அங்குள்ள நிரல் அதைப் படித்துத் தன் தரவுத்தளத்தில் ஏற்றி, ஒரு பதிவெண்ணைப் பதிலாக அனுப்புகிறது. இங்கே விஷுவல் பேசிக் இருப்பது ஜாவாவுக்குத் தெரியாது. அங்கே லினக்ஸ் இருப்பது விண்டோஸுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை. செய்தியின் வடிவம் மட்டுமே இருவருக்கும் பொது.

இந்த எளிமை ஒரே நாளில் வந்ததல்ல. 1991 இல் கோர்பா, 1996 இல் டிகொம் என்று, தொலைவிலுள்ள நிரல்களைப் பேச வைக்கும் முறைகள் முன்பே இருந்தன. இருமக் குறிகளில் பேசிய அவற்றுக்கு வெளி இணைப்புகளைத் தடுக்கும் நிறுவனத் தீச்சுவர்களில் தனி வாயில்கள் திறக்க வேண்டியிருந்தது. ஒன்றின் மொழி மற்றொன்றுக்குப் புரியவில்லை. எக்ஸ்எம்எல் 1998 இல் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையானது. 2000 ஆம் ஆண்டு மே மாதம் சோப் 1.1 அதே அமைப்பின் குறிப்பாக வெளிவந்தது. எல்லா இடத்திலும் ஏற்கெனவே திறந்திருந்த எச்டிடிபி வழியையே பயன்படுத்தியதுதான் அதன் பெரிய பலம். அதே 2000 இல் ரோய் பீல்டிங் தன் கலாநிதிப் பட்ட ஆய்வில் ரெஸ்ட் என்னும் கட்டமைப்பு முறையை விளக்கினார். அதன்பின் ஜேசன் என்ற இலகுவான வடிவமும் பரவ, இன்று புதிதாக எழுதப்படும் சேவைகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. ஆனால் வங்கிகளிலும் பெரிய நிறுவனங்களிலும் சோப் இன்னும் உயிரோடிருக்கிறது. நமக்குக் கிடைத்த வாசலும் அதுதான்.

சேவையில் என்னென்ன செயல்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன புலங்கள் வேண்டும் என்பதை டபிள்யூஎஸ்டிஎல் என்ற விவரணக் கோப்பு சொல்கிறது. அதைப் படித்து நிரல் எழுதும் கருவியிடம் கொடுத்தால், அழைக்கும் நிரலின் பெரும்பகுதியை அதுவே எழுதித் தந்துவிடும். ஒரு காலத்தில் இதற்கு மேலும் ஒரு கனவு இருந்தது: யுடிடிஐ என்ற பொதுப் பதிவேட்டில் தேடி, நிரல்களே ஒன்றையொன்று கண்டுபிடித்து வணிகம் செய்யும் என்றார்கள். ஐபிஎம், மைக்ரோசொப்ட், எஸ்ஏபி ஆகிய மூன்றும் நடத்திய அந்தப் பதிவேடு 2006 ஜனவரியில் மூடப்பட்டது. அது மூடப்பட்டதில் எனக்கு வியப்பில்லை. இந்தக் கரையில் நான் பார்த்த சிக்கல்களில் ஒன்றுகூட, இரண்டு மனிதர் தொலைபேசியில் பேசாமல் தீர்ந்ததில்லை.

முதலில் இணைப்பைச் செய்தவர்கள் கருவியைப் பயன்படுத்தவில்லை. எக்ஸ்எம்எல் செய்தியைப் பழைய நிரலிலேயே சரம் சரமாக ஒட்டி உருவாக்கினார்கள். இங்கேயும் பாமினி குறுக்கே நின்றது. பாமினியில் ‘ஈ’ இருப்பது, கணிதத்தில் ‘சிறியது’ என்று குறிக்கும் கோண அடைப்பின் இடத்தில். எக்ஸ்எம்எல்லில் ஒவ்வொரு குறிச்சொல்லும் அந்தக் கோண அடைப்பில்தான் தொடங்கும். ஈஸ்வரி என்ற பெயருள்ள உரிமையாளரின் சீட்டு போனதும், புதிய குறிச்சொல் தொடங்குகிறது என்று கருதிய கொழும்புச் சேவையகம் செய்தி முழுவதையும் நிராகரித்தது. அந்த அம்மாவின் மீன் மட்டும் ஏன் ஏறுவதில்லை என்று பல நாள் யாருக்கும் விளங்கவில்லை. செய்தியைச் சரியான எக்ஸ்எம்எல் நூலகத்தால் உருவாக்கியிருந்தால் அந்த அடைப்புக்குறி தானாகவே பாதுகாப்பான மாற்றுக் குறியாகியிருக்கும். ஆயினும் கொழும்பில் பெயர் வாசிக்க முடியாததாகவே இருந்திருக்கும். ஆகவே சங்கத்தின் எல்லையிலேயே பாமினியை, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோடாக மாற்றும் ஒரு சிறு இடைநிரலைப் பைத்தன் மொழியில் எழுதி வைத்தேன். பழைய நிரலைத் தொடவில்லை.

அந்த மாற்றத்திலும் ஒரு கவனம் வேண்டும். பாமினியில் கொம்பு, கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி மெய்க்கு முன்னே சேமிக்கப்படும். யூனிகோடில் மெய்க்குப் பின்னே வரும். மேலும் ‘கொ’ என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிடும் நிரலுக்கு வேறு வேறு. யூனிகோடின் இயல்பாக்க விதியைப் பயன்படுத்தி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தோம். அதற்குப் பிறகும் உரிமையாளரை அடையாளம் காணப் பெயரை நம்பவில்லை. சங்க உறுப்பினர் எண்ணையே வைத்தோம்.

இரட்டைப் பதிவு

இனி மையச் சிக்கலுக்கு வருகிறேன். பருவத்தின் உச்சத்தில் ஒரு மாலை, ஒரு பெரிய சூரைத் தொகுதியின் செய்தி போனது. பதில் வரவில்லை. முப்பது விநாடி காத்திருந்த நிரல், தோல்வி என்று முடிவுசெய்து மறுபடி அனுப்பியது. இம்முறை பதில் வந்தது. திரையில் ‘அனுப்பப்பட்டது’ என்று தெரிந்தது. எல்லாம் நலம் என்றே தோன்றியது.

வாரக் கணக்கில் அந்தத் தொகுதி இரண்டு வரிகளாக இருந்தது. நிறுவனம் இரண்டுக்கும் பணம் அனுப்பியது. பின்னர் களஞ்சிய இருப்பு குறைவதைக் கண்டு, அடுத்த வாரத்தில் சங்கத்துக்குக் கொடுக்கவேண்டிய மொத்தத் தொகையிலிருந்து அந்தப் பணத்தைக் கழித்துக்கொண்டது. அந்த வாரம் கடலுக்குப் போய் வந்தவர்கள் வேறு ஆட்கள். தங்கள் மீனை யார் குறைத்தது என்று கேட்டுக்கொண்டு அவர்கள் சங்கத்து வாசலில் நின்றார்கள். கேட்டதில் முழு நியாயம் இருந்தது. கணினியின் தவறை உழைத்தவனின் கூலியிலிருந்து வசூலிப்பதை எந்தக் கணக்கியலும் நியாயப்படுத்த முடியாது.

இரு பக்கத்துப் பதிவேடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, முதலில் எதுவுமே பொருந்தவில்லை. சங்கத்துக் கணினியின் கடிகாரம் பின்தங்கி ஓடியிருந்தது. நேரத்தை விட்டுவிட்டு, நிறையையும் உறுப்பினர் எண்ணையும் வைத்து வரிகளைப் பொருத்திய பிறகே உண்மை தெரிந்தது. முதற்செய்தி கொழும்பை ஒழுங்காகவே அடைந்திருந்தது. சேவையகம் அதைத் தரவுத்தளத்தில் ஏற்றியும்விட்டது. ஆனால் அன்றைய விலையைத் தேடும் இடத்தில் அது தாமதித்தது. பதில் தயாரானபோது சங்கத்தின் நிரல் காத்திருப்பதை நிறுத்தி இணைப்பை மூடியிருந்தது. இரண்டாவது செய்தி வந்தபோது, அது பழையதன் மறுபிரதி என்று அறிய எந்த அடையாளமும் அதில் இல்லை. புதிய தொகுதி என்றே ஏற்றுக்கொண்டது.

“தம்பி, போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதை மட்டும் இந்தக் கணினி உண்மையாகச் சொல்லட்டும், போதும்” என்றார் நிறுவைப் பொறுப்பாளர்.

“அதைத்தான் நானா, அதனால் சொல்லவே முடியாது” என்றேன். அண்ணன் முறையில் அவரை நானா என்றுதான் அழைப்பேன்.

அவர் அதை ஏற்றுக்கொள்ள நேரம் எடுத்தது. பல நிரலாளர்களும் ஏற்றுக்கொள்ளத் தயங்கும் உண்மை இது. பதில் வராதபோது மூன்றில் ஒன்று நடந்திருக்கலாம். செய்தி போகும் வழியிலேயே தொலைந்திருக்கலாம். போய்ச் சேர்ந்து, வேலை நடுவில் முறிந்திருக்கலாம். அல்லது வேலை முழுவதும் முடிந்து, பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். அனுப்பியவன் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மௌனம். காத்திருக்கும் நேரத்தை முப்பதிலிருந்து அறுபது விநாடியாக்கினால் சந்தேகம் குறையும், நீங்காது. அடியில் இருக்கும் டிசிபி நெறிமுறை தொலைந்த பொட்டலங்களைத் திரும்ப அனுப்புமே என்று கேட்கலாம். அது ஓர் இணைப்புக்குள் மட்டும்தான். நிரல் புதிய இணைப்பைத் திறந்து அதே செய்தியை அனுப்பினால், டிசிபிக்கு அது புத்தம் புதிய செய்தி.

எச்டிடிபி இந்த விடயத்தில் ஒரு வேறுபாட்டை வகுத்துவைத்திருக்கிறது. சேவையகத்திடம் வேலை சொல்லும் அதன் முறைகளில் புட் (வை), டிலீட் (அழி) ஆகியவற்றை எத்தனை தடவை திரும்ப அழைத்தாலும் விளைவு ஒருமுறை அழைத்ததற்குச் சமமாக இருக்க வேண்டும். போஸ்ட் முறைக்கு அந்த வாக்குறுதி இல்லை. சோப் செய்திகள் வழக்கமாகப் பயணிப்பது போஸ்ட்டில். எனவே மறுபடி அனுப்புவது பாதுகாப்பானதா என்பதை, சேவையை வடிவமைப்பவர்தான் தீர்மானித்து எழுதிவைக்க வேண்டும். நிறுவனத்தின் விவரணக் கோப்பில் புலங்களும் வகைகளும் துல்லியமாக இருந்தன. இந்தக் கேள்விக்கு ஒரு வரிகூட இருக்கவில்லை.

“அப்படியானால் மறுபடி அனுப்பாமலே விட்டுவிடலாமே” என்று நிறுவனத்தின் கணக்காளர் தொலைபேசியில் கேட்டார். அவருடைய பக்கத்துக்கு அது வசதிதான். ஆனால் அப்போது சில தொகுதிகள் ஒருபோதும் ஏறாமல் போகும். அந்த மீனுக்குரியவருக்குப் பணமே வராது. இரட்டைப் பதிவை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம், விடுபட்டதைத் தேடுவது கடினம். ஆகவே பதில் கிடைக்கும்வரை அனுப்புவது சங்கத்தின் கடமை, ஒருமுறைக்குமேல் ஏற்றாமல் இருப்பது நிறுவனத்தின் கடமை என்று பொறுப்பைப் பிரித்தோம்.

சீரமைப்பு

ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் அடையாள எண் தேவைப்பட்டது. பற்றுச்சீட்டின் எண்ணையே எடுத்துக்கொள்ளலாம் என்று சங்கத்தின் செயலாளர் சொன்னார். நல்ல யோசனை, ஒரு குறையோடு: சீட்டெண் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது, பருவத்தில் இரண்டாவது தராசும் தனியாகச் சீட்டுப் போடுகிறது. எனவே தராசின் எண், ஆண்டு, சீட்டெண் மூன்றையும் சேர்த்து அடையாளமாக்கினோம். இயந்திரம் தானே உருவாக்கும் நீண்ட எழுமாற்று எண்ணையும் பயன்படுத்தியிருக்கலாம். ஆனால் மீனவரின் கையிலுள்ள சீட்டைப் பார்த்துத் தொலைபேசியில் வாசிக்கக்கூடிய எண் எனக்கு அதைவிட மதிப்பாகத் தோன்றியது.

அந்த எண் பிறக்கும் தருணம் மிக முக்கியம். அனுப்பும்போது உருவாக்கினால் ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் புது எண் கிடைத்து, எல்லாம் வீணாகும். சீட்டு அச்சாகும் அதே கணத்தில் எண்ணும் செய்தியும் சேர்ந்து வட்டில் எழுதப்படுகின்றன. இடைநிரல் பிறகு அங்கிருந்து எடுத்து அனுப்புகிறது. மின்சாரம் போனாலும் வரிசை அழியாது. பதில் வரும்வரை வரி அங்கேயே இருக்கும். மறுமுயற்சிகளுக்கு இடையேயான நேரம் படிப்படியாக நீள்கிறது. அதோடு சிறு எழுமாற்று விலகலும் சேர்த்தேன், இணைப்பு மீண்டவுடன் இரண்டு தராசுகளும் ஒரே நேரத்தில் சேவையகத்தின் மேல் விழாதிருக்க.

கொழும்பில் செய்த மாற்றம் இன்னும் சிறியது. தரவுத்தளத்தில் ஒரே அடையாள எண் இரண்டு வரிகளில் வராதபடி தனித்துவக் கட்டுப்பாடு போட்டார்கள். ஏற்கெனவே ஏறிய எண்ணோடு செய்தி வந்தால், புதிய வரி சேர்க்காமல் முதலில் கொடுத்த பதிவெண்ணையே திருப்பிக் கொடுக்க வேண்டும். ‘ஏற்கெனவே உள்ளது’ என்று பிழை சொல்லக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். சங்கத்தின் பக்கம் அது தோல்வியாகத் தெரிந்து, யாராவது கையால் மறுபடி ஏற்றிவிடுவார்கள். அதே எண்ணோடு வேறு நிறை வந்தால் மட்டும் நிராகரிக்க வேண்டும். அங்கே உண்மையிலேயே ஏதோ தவறு இருக்கிறது.

இதற்கென்றே ஓயாசிஸ் அமைப்பு நம்பகச் செய்திப் பரிமாற்றத் தரம் ஒன்றை வைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமே என்று நிறுவனத்தின் பொறியியலாளர் கேட்டார். இரு பக்கமும் அதை ஆதரிக்க வேண்டும். பழைய நிரலோடு அது பெரும் சுமை. அதைவிட முக்கியமாக, அந்தத் தரம் செய்தி ஒருமுறை கையளிக்கப்படுவதைப் பார்த்துக்கொள்ளும். ஒரே மீன் இரண்டு சீட்டாகப் போகாமல் பார்ப்பது அதன் வேலை அல்ல.

சோதனைக்கு இணைய இணைப்பை அறுத்தோம்: செய்தி போகுமுன், போன உடனே, பதில் வரும் வேளையில். கைபேசி இணைப்பில் வைத்து, சமிக்ஞை மங்கும் இடத்துக்குக் கணினியைக் கொண்டுபோயும் பார்த்தோம். எந்த இடத்தில் அறுத்தாலும் கொழும்பில் ஒரே ஒரு வரி. நானா அந்தப் பட்டியலைத் தன் சீட்டுப் புத்தகத்தோடு வரி வரியாக ஒப்பிட்டார். கழிக்கப்பட்ட பணத்தை நிறுவனம் அடுத்த கொடுப்பனவில் சேர்த்து அனுப்பியது.

கோப்பு சொல்லாதவை

சோதனையின்போது வேறொன்றும் அகப்பட்டது. விடியற்காலை நான்கு மணிக்கு நிறுத்த மீன் கொழும்பில் முந்திய நாள் தேதியில் இருந்தது. சேவையகம் நேரத்தை உலகப் பொது நேரத்தில் வைத்திருக்கிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையில் நிறுத்த எதுவும் அங்கே நேற்றைய கணக்கு. நம் படகுகள் கரை சேர்வது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். மீன் விலை நாளுக்கு நாள் மாறுவது. ஆகவே நேரத்தோடு +05:30 என்ற விலகலையும் அனுப்பி, விலை நாளை உள்ளூர் தேதிப்படி கணக்கிடச் செய்தோம்.

நிறை என்ற புலத்துக்கு விவரணக் கோப்பு சொன்னது ‘தசம எண்’ என்று மட்டும். கிலோவா என்பதுகூட இல்லை. பெட்டியும் ஐஸும் சேர்த்தா, மீன் மட்டுமா என்பதற்கு அதில் இடமே கிடையாது. சங்கம் மீனை மட்டும் நிறுக்கிறது. கொழும்பில் பெட்டியோடு நிறுத்து, பெட்டியின் நிறையைக் கழிக்கிறார்கள். வழியில் நீர் வடிவதால் வரும் சிறு வேறுபாட்டுக்கு எவ்வளவு வரை கேள்வி எழுப்புவதில்லை என்பதை இருவரும் பேசி, காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டார்கள். இனத்தின் பெயருக்கும் இதே கதை. இங்கே அறக்குளா, அங்கே தோரா. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு மீன் இனங்களுக்கு வைத்திருக்கும் மூன்றெழுத்துக் குறியீடுகளை இருவரும் ஏற்றதோடு அது தீர்ந்தது.

மீதமிருப்பது

திருத்தச் செய்தி இன்னும் தீரவில்லை. சீட்டுப் போட்ட பிறகு நிறை பிழையென்று தெரிந்தால், முந்தியதை இரத்துச் செய்யும் செய்தி போக வேண்டும். மறுமுயற்சிகளின் நடுவே, இரத்துச் செய்தி மூலச் செய்திக்கு முன்னரே போய்ச் சேரக்கூடும். அப்படி வந்தால், இல்லாத ஒன்றை இரத்துச் செய்யச் சொல்கிறார்கள் என்று சேவையகம் தள்ளிவிடும். பிறகு வரும் மூலத்தைத் தடையின்றி ஏற்றும். ஒவ்வொரு சீட்டுக்கும் பதிப்பெண் கொடுத்து, பெரிய பதிப்பு வந்தபின் சிறியதை ஏற்காதிருக்கும்படி நிறுவனத்திடம் கேட்டிருக்கிறோம். அது உடன்படிக்கையில் சேரும்வரை, திருத்தங்களை நானா தொலைபேசியில் சொல்கிறார். கொழும்பு எழுதுவினைஞர் சீட்டெண்ணைத் திருப்பி வாசித்துக் காட்டிய பின்னரே மாற்றுகிறார்.